டார்ஜிலிங் ரயிலுக்குப் பல்சக்கரம் ஏன் இல்லை?

ஊட்டி ரயிலில் போய்வந்த ஒருவர் கேட்ட கேள்வி இது: "ஊட்டி ரயில் கல்லாற்றைத் தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பதித்திருக்கும் பல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. டார்ஜிலிங் ரயிலும் ஏறக்குறைய அதே உயரத்துக்குப் போகிறது. அதற்குப் பல்லும் இல்லை, சட்டமும் இல்லை. எப்படி ஏறுகிறது? அந்தப் பாதையின் வரலாறு என்ன?"

இரண்டு கேள்விகள் போலத் தெரிந்தாலும் பதில் ஒன்றுதான். டார்ஜிலிங் ரயில் மலையில் ஏறவில்லை. மலையில் ஏற்கெனவே ஏறியிருந்த ஒரு மாட்டுவண்டிச் சாலையின் மேல் ஏறியது. அதன் குறுகலான கேஜ் (இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம்), பின்னோக்கிப் போகும் விசித்திரம், மந்த நடை, ஒரு காலத்து லாபம், பிற்காலத்துச் சீரழிவு எல்லாமே அந்த ஒரு முடிவிலிருந்து கிளைத்தவை.

டார்ஜிலிங்கை 1835இல் சிக்கிம் மன்னரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்றது. வெயில் தாங்காத வெள்ளைக்காரர்களுக்கு ஓய்விடம் வேண்டும் என்பது முதல் நோக்கம். 1850களில் தேயிலை வந்தது. 1870களின் நடுவில் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்கள் இருந்தன. கல்கத்தாவிலிருந்து அங்கே போவது அப்போது பெரும்பாடு. ரயிலில் சாகிப்கஞ்ச், அங்கிருந்து படகில் கங்கையைக் கடந்து கரகோலா, பிறகு பூர்ணியா, கிஷன்கஞ்ச் வழியாக மாட்டுவண்டியிலோ பல்லக்கிலோ சிலிகுரி, அதற்கப்புறம்தான் மலையே தொடங்கும். முதலில் இருந்த ராணுவச் சாலை செங்குத்தானது, வண்டி ஏறாது. ஆகவே 1860களில் புதிதாக ஒரு சாலை வெட்டினார்கள். அதன் பெயரே 'ஹில் கார்ட் ரோடு', அதாவது மலை வண்டிச் சாலை. பாரம் ஏற்றிய வண்டியை மாடு இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதால் சரிவைக் குறைத்து, மலையைச் சுற்றிச் சுற்றி வளைத்துப் போட்ட சாலை அது.

1878இல் கல்கத்தாப் பக்கத்து ரயில் சிலிகுரி வரை வந்துவிட்டது. அதற்கு மேலே குதிரை இழுக்கும் டோங்கா வண்டியும் மாட்டுவண்டியும்தான். ஈஸ்டர்ன் பெங்கால் ரயில்வேயின் ஏஜெண்டாக இருந்த பிராங்க்ளின் பிரஸ்டேஜ் இங்கேதான் கணக்குப் போட்டார். சிலிகுரியில் விற்கும் அரிசி, மலைமேல் போனதும் இரண்டு மடங்குக்கு மேல் விலையாகிறது. தேயிலை கீழே இறங்கவும் அதே செலவு. மாடு இழுத்து ஏறுகிற சரிவு என்றால் சிறிய நீராவி எஞ்சினும் ஏறும். மலையைக் குடைய வேண்டாம், நிலம் வாங்க வேண்டாம். சாலை தயாராக இருக்கிறது, அதன் ஓரத்தில் தண்டவாளத்தைப் போட்டால் போதும். வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர் ஆஷ்லி ஈடன் குழு அமைத்து ஆராய்ந்து ஒப்புதல் கொடுத்தார். 1879இல் வேலை தொடங்கியது. கட்டியது கில்லாண்டர்ஸ் அர்பத்னாட் கம்பெனி.

கம்பெனிக்கு முதலில் வைத்த பெயர் 'டார்ஜிலிங் ஸ்டீம் டிராம்வே' என்பதைக் கவனியுங்கள். டிராம், அதாவது தெருவில் ஓடும் வண்டி. 'இமாலயன் ரயில்வே' என்ற கம்பீரமான பெயர் பாதை முடிந்த பிறகு, 1881 செப்டம்பரில்தான் வந்தது. என்னைக் கேட்டால் பழைய பெயர்தான் உண்மையான பெயர். இது தெருவில் ஓடும் ரயில். இன்றும், வழியில் வரும் கர்சியாங் ஊரின் கடைவீதியில் இதை நேரில் பார்க்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் நான் போனபோது, எஞ்சின் ஊதிக்கொண்டே வர, கடை வாசலில் பிளாஸ்டிக் வாளிகளை அடுக்கி வைத்திருந்த ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓர் அடுக்கை மட்டும் காலால் உள்ளே நகர்த்தினார். பெட்டி அவர் முழங்கையை ஒட்டிக் கடந்தது. அவர் ஒரு கையில் வாடிக்கையாளருக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.

இனி கேஜ். வண்டிச் சாலையின் வளைவுகள் மாட்டுவண்டிக்காக வெட்டியவை. பெரிய ரயில் அந்த வளைவில் திரும்பாது. தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் குறையக் குறைய, திரும்பும் வளைவையும் இறுக்கலாம். அதனால் இரண்டு அடி, அதாவது 610 மில்லிமீட்டர் கேஜைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊட்டிப் பாதை ஒரு மீட்டர் அகலம். அதைப் பார்த்துவிட்டு டார்ஜிலிங் போகிறவர்களுக்கு இது விளையாட்டுச் சாமான் போலத் தோன்றுவது இயல்பு. ஆனால் இவ்வளவு குறுகிய பாதையில் நீராவி எஞ்சின் ஓடுமா என்ற சந்தேகம் அப்போது தீர்ந்திருந்தது. வேல்ஸ் நாட்டில் சிலேட்டுக் கல் இறக்கிய பெஸ்டினியோக் ரயில், ஏறக்குறைய இதே அகலத்தில் 1863 முதலே நீராவியில் ஓடிக்கொண்டிருந்தது.

வேலை வேகமாக நடந்தது. 1880 மார்ச்சில் வைஸ்ராய் லிட்டன் புதுப் பாதையில் பயணம் செய்தார். ஆகஸ்ட் 23இல் கர்சியாங் வரை திறந்தார்கள். 1881 ஜூலை 4, நல்ல மழைக்காலத்தில், டார்ஜிலிங் வரை முழுப்பாதையும் திறந்தது. சமவெளியில் கிட்டத்தட்ட 100 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு, 2,258 மீட்டரில் இருக்கும் கூம் நிலையத்தை எட்டி, அங்கிருந்து சற்றே இறங்கி டார்ஜிலிங்கை அடைகிறது. இந்தியாவின் மிக உயரமான ரயில் நிலையம் கூம்தான். இரண்டே ஆண்டில் இதை முடித்தது அதிசயம் என்று எழுதுகிறவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை: இந்தப் பாதையில் ஒரு சுரங்கம்கூடக் கிடையாது. ஊட்டிப் பாதையில் 16 சுரங்கங்கள். 1903இல் திறந்த கால்கா – சிம்லா பாதையில் எண் போட்டது 103, இன்று புழக்கத்தில் இருப்பது 102. சுரங்கம் வெட்டியே செலவு மிகுந்து, சில ஆண்டுகளிலேயே அரசாங்கம் வாங்கிக்கொள்ள வேண்டிய நிலைக்கு சிம்லா கம்பெனி வந்தது. டார்ஜிலிங் கம்பெனிக்கு அந்தக் கதி நேரவில்லை. அடுத்தவர் வெட்டிய சாலையில் ஒட்டுத்திண்ணை போட்டுக் குடியிருந்தவருக்கு வீடு கட்டும் செலவு ஏது?

ஆனாலும் ஒரு சிக்கல் இருந்தது. சாலையை அப்படியே பின்பற்றியதால் சில இடங்களில் சரிவு 20க்கு 1 வரை போனது. அதாவது 20 அடி நகர்ந்தால் 1 அடி உயர வேண்டும். மாடு மூச்சு வாங்கி நின்று நின்று ஏறிவிடும். வழவழப்பான இரும்புச் சக்கரம் வழவழப்பான தண்டவாளத்தில் ஏறும்போது, பிடிப்புக்கு இருப்பது எஞ்சினின் எடை மட்டுமே. அதற்கு மேல் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். ஊட்டிக்காரர்கள் இந்த இடத்தில்தான் வேறு வழி போனார்கள். அங்கே சரிவு சுமார் 12க்கு 1. அதில் வெறும் பிடிப்பு வேலைக்கு ஆகாது என்பதால் பல்சட்டம் போட்டார்கள். பல்சட்டத்துக்குத் தனி எஞ்சின், தனிப் பராமரிப்பு, தனிச் செலவு. ஆனால் நேராக, வேகமாக உயரம் ஏறலாம்.

டார்ஜிலிங்காரர்கள் சரிவைக் குறைக்கத் தூரத்தை நீட்டினார்கள். பாதை திறந்த அடுத்த ஆண்டே, 1882இல், சுக்னாவுக்கும் கயாபாரிக்கும் இடையே நான்கு வளையங்களும் நான்கு பின்னேற்றங்களும் கட்டினார்கள். வளையம் என்றால், பாதை ஒரு முழு வட்டம் அடித்துத் தன் மேலேயே பாலம் போட்டுக் கடந்து போவது. திந்தாரியாவுக்கு அருகே 'அகனி பாயிண்ட்' என்று ஒரு வளையம் இருக்கிறது. பாதையிலேயே மிக இறுக்கமான திருப்பம் அதுதான். ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தால், நாம் ஏறிய பெட்டியின் எஞ்சின் எதிர்த்திசையில் போவது போலக் கண்ணுக்குப் படும்.

பின்னேற்றம் இன்னும் எளிமையானது. வளையம் போட இடமில்லாத மலைமுகத்தில், ரயில் ஒரு முட்டுப்பாதைக்குள் முன்னோக்கிப் போய் நிற்கும். ஒருவர் குதித்திறங்கி, ரயிலை வேறு தண்டவாளத்துக்குத் திருப்பிவிடும் பாயிண்டைக் கையால் இழுத்து மாற்றுவார். ரயில் பின்னோக்கி, மேலே ஏறும் வேறொரு பாதையில் போகும். அங்கேயும் முட்டு. மறுபடி பாயிண்ட் மாறும். மறுபடி முன்னோக்கி. இசட் எழுத்தின் மூன்று கோடுகளை வரைவது போல. முடிவில் முதல் கோட்டுக்கு நேர் மேலே வந்து நிற்கிறோம். கீழே நாம் இப்போதுதான் நின்ற தண்டவாளம் தெரிகிறது.

இந்தப் பின்னேற்றத்துக்கு ஒரு கதை சொல்வார்கள். வழி தெரியாமல் தலையில் கைவைத்து உட்கார்ந்த பொறியாளரிடம் அவர் மனைவி, "முன்னே போக முடியாவிட்டால் பின்னே போய்ப் பாருங்களேன்" என்றாராம். நடனத்தைப் பார்த்து யோசனை வந்தது என்றும் சிலர் சேர்த்துக்கொள்வார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது, நான் நம்பவில்லை. பம்பாயிலிருந்து புனே ஏறும் 'போர் காட்' என்ற கணவாயில், கண்டாலாவுக்கு அருகே, 1863 முதலே ரயில் நின்று திசை மாற்றி ஏறிக்கொண்டிருந்தது. இந்தியாவில் ரயில் வேலை பார்த்த பொறியாளர் யாருக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது.

இத்தனைக்குப் பிறகும் பிடிப்பு போதாது. மீதிக்கு ஒரு தீர்வு கண்டார்கள், அது மணல். இங்கே எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1889இல் ஷார்ப் ஸ்டூவர்ட் கம்பெனி வடிவமைத்த 'பி' வகை எஞ்சின்தான் இந்தப் பாதையின் முகம். நான்கே சக்கரங்கள், நான்கும் இழுக்கும் சக்கரங்கள். தண்ணீர்த் தொட்டி கொதிகலனைத் தழுவி உட்கார்ந்திருக்கும். தனியாக கரிவண்டி இல்லை. சுமை எல்லாம் சக்கரத்தின் மேலேயே இருந்தால்தான் பிடிப்பு வரும் என்ற கணக்கு அது. 1925 வரை இதே வடிவத்தில் 34 எஞ்சின்கள் கட்டினார்கள். சில திந்தாரியா பணிமனையிலேயே உருவானவை. நடுவில் 1910ஐ ஒட்டி 'காரட்' என்ற இரட்டை எஞ்சின் வகையில் ஒன்றும், 1914இல் இரண்டு பெரிய எஞ்சின்களும் வாங்கிப் பார்த்தார்கள். நிலைத்தது என்னவோ அந்தக் குட்டி 'பி'தான். நூறு வயதைத் தாண்டியவை இன்னும் ஓடுகின்றன.

நீராவி எஞ்சின் இத்தனை சிறியதாக இருந்தும் அதற்கு வேலை செய்ய ஒரு படையே வேண்டும். ஓட்டுநர், பயர்மேன், எஞ்சின் மேலேயே உட்கார்ந்து கரியைச் சுத்தியலால் உடைத்துக் கொடுக்கும் ஒருவர். இவர்கள் போக, முன்முனையில் இடமும் வலமுமாக இரண்டு பேர், காலைத் தொங்கவிட்டபடி. நான் பார்த்த நாளில் தூறலும் மூடுபனியும் சேர்ந்து தண்டவாளம் எண்ணெய் தடவியது போல மின்னியது. கர்சியாங்குக்கு மேலே ஓர் ஏற்றத்தில் சக்கரம் வழுக்கத் தொடங்கியது. 'சக் சக்' என்று சீராக வந்த மூச்சு திடீரென்று படபடவென அடித்துக்கொள்ளும், அதுதான் அடையாளம். இடப்பக்கத்துக்காரர் மடியருகே இருந்த பெட்டிக்குள் கைவிட்டு, கோலமாவு எடுப்பது போல விரலிடுக்கில் மணலை எடுத்து, சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தின் மேல் தூவினார். கோலம் போடுகிறவரின் அதே நிதானம். வலப்பக்கத்துக்காரரும் அப்படியே. இரண்டு, மூன்று தூவல். படபடப்பு அடங்கி மூச்சு சீரானது. அள்ளிப் போடக் கூடாது. அதிகமானால் பின்னால் வரும் பெட்டிகளின் சக்கரத்துக்கு அதே மணல் தடையாகிவிடும். ஊட்டியில் எஃகுப் பல் செய்யும் வேலையை இங்கே இரண்டு பேரின் விரல்கள் செய்கின்றன. கேட்ட கேள்விக்கு நேரடியான பதில் வேண்டுமென்றால் இதுதான்.

இறங்குவது வேறு கதை. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1896இல் டார்ஜிலிங்கிலிருந்து எஞ்சினே இல்லாத சிறு தள்ளுவண்டியில், பிரேக்கை மட்டும் நம்பி, மலைச்சரிவில் உருண்டு இறங்கினார். சந்தோஷமாகவே இறங்கியதாக எழுதியும் வைத்தார்.

முதல் முப்பது ஆண்டுகள் கம்பெனிக்குப் பொற்காலம். 1909–10இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,74,000 பயணிகளும் 47,000 டன் சரக்கும் போனதாகக் கணக்கு. 1897இன் பெரும் பூகம்பத்தையும் 1899இன் புயல்மழையையும் தாங்கிக்கொண்டு எழுந்தது. 1914இல் கிஷன்கஞ்சுக்கும், 1915இல் தீஸ்தா பள்ளத்தாக்கில் கேல்கோலா வரைக்கும் கிளைகள் போட்டார்கள். கூமுக்கும் டார்ஜிலிங்குக்கும் நடுவே, இன்று எல்லாரும் படம் எடுத்துக்கொள்ளும் பதாசியா வளையம் 1919இல் வந்தது. அது மலைமேட்டில் திறந்தவெளியில் போட்டது. வானம் தெளிந்திருந்தால் காஞ்சன்ஜங்கா தெரியும். இரண்டாம் உலகப்போரில் கூம், டார்ஜிலிங் முகாம்களுக்குப் படைவீரர்களையும் தளவாடங்களையும் சுமந்தது.

இந்தச் செழிப்புக்குள்ளேயே சீரழிவின் விதையும் இருந்தது. தண்டவாளத்தைச் சுமந்த அதே சாலையில் 1930களிலேயே லாரிகளும் மோட்டார் வண்டிகளும் ஏறத் தொடங்கின. யோசித்துப் பாருங்கள்: வேறு எந்த மலை ரயிலுக்கும் போட்டியாளன் இப்படிப் பக்கத்திலேயே படுத்திருக்கவில்லை. தனிப் பாதை வெட்டியிருந்தால் ரயில் குறுக்கு வழியில் போய் நேரத்தை மிச்சம் பிடித்திருக்கலாம். சாலையோடு சாலையாக வளைந்ததால், சாலையில் போகிற எதையும் அதனால் முந்தவே முடியாது. நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் சாலையைக் குறுக்கே கடந்து, ஒவ்வொன்றுக்கும் ஊதி, தயங்கித் தயங்கித்தான் போக வேண்டும். 88 கிலோமீட்டருக்கு ரயில் ஏழு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். ஜீப் மூன்று மணி நேரத்தில் போய்விடும்.

பிரிவினை இன்னொரு அடி. கல்கத்தாவிலிருந்து சிலிகுரி வந்த பழைய பாதை கிழக்கு பாகிஸ்தான் வழியாகப் போனது. அது அறுந்தது. அசாமை இந்தியாவோடு ரயிலில் இணைக்க அவசரமாக ஒரு பாதை தேவைப்பட்டபோது, கண்ணில் பட்டது டார்ஜிலிங் கம்பெனியின் கிஷன்கஞ்ச் கிளை. 1948 அக்டோபரில் அரசு கம்பெனியையே வாங்கியது. அந்தக் கிளை மீட்டர் கேஜாகி, 1950 ஜனவரியில் திறந்த அசாம் இணைப்புப் பாதையின் ஓர் அங்கமானது. அதே ஆண்டு வெள்ளத்தில் தீஸ்தா கிளை அடித்துச் செல்லப்பட்டது, திரும்பப் போடவில்லை. மலைப்பாதை மட்டும் மிஞ்சியது. 1960களின் தொடக்கத்தில் பாதையின் அடிவார முனையை நியூ ஜல்பாய்குரி வரை நீட்டினார்கள். 1988–89இல், தனி மாநிலம் கேட்ட கூர்க்காலாந்துப் போராட்டத்தின்போது சுமார் ஒன்றரை ஆண்டு ரயில் ஓடவில்லை. 1993இல் சரக்குப் போக்குவரத்து நின்றது. அரிசியை மலிவாக்கவும் தேயிலையை இறக்கவும் போட்ட ரயில், இரண்டையும் சுமப்பதை விட்டுவிட்டது.

அதற்குப் பிறகும் மூடாமல் தப்பித்ததற்குக் காரணம், ரயிலின் குறையாக இருந்த மந்தமே அதன் சொத்தாக மாறியதுதான். 1999 டிசம்பரில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆஸ்திரியாவின் செம்மரிங் பாதைக்கு அடுத்தபடியாக அந்தப் பெருமையைப் பெற்ற உலகின் இரண்டாவது ரயில் பாதை. ஊட்டி 2005இலும் சிம்லா 2008இலும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. 2000இல் டீசல் எஞ்சின்கள் வந்தன. இன்று நெடும்பயணத்தை டீசல் இழுக்கிறது, நீராவி பெரும்பாலும் டார்ஜிலிங்கிலிருந்து கூம் வரை போய்த் திரும்பும் சுற்றுலா ரயிலுக்கு.

மழையோடு சண்டை ஓயவில்லை. 1882இல் போட்ட நான்கு வளையங்களில் இரண்டு இப்போது இல்லை. ஒன்றை 1942இலும் இன்னொன்றை 1991இலும் வெள்ளச் சேதத்துக்குப் பிறகு கைவிட்டார்கள். அதனால் இன்று போகிறவர் பார்க்கும் வளையங்களின் எண் மூன்றில் தொடங்குகிறது. ஒன்றும் இரண்டும் எங்கே என்று குழம்புகிறவர்கள் உண்டு. காட்டுக்குள் போய்விட்டன. பாக்லாஜோரா என்றோர் இடம் இருக்கிறது, பைத்தியக்கார ஓடை என்று அர்த்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே அது பெயருக்கேற்பத்தான் நடந்துகொள்கிறது. 2010இல் அங்கே மலை சரிந்தது, அடுத்த ஆண்டு திந்தாரியாவிலும் சரிந்தது. சமவெளியிலிருந்து டார்ஜிலிங் வரை முழுப்பயணம் 2015 டிசம்பரில்தான் திரும்பத் தொடங்கியது. ஏன் இத்தனை ஆண்டு? தண்டவாளம் போடுவது சில மாத வேலை. ஆனால் விழுந்தது சாலை. முதலில் சாலையை நிறுத்த வேண்டும், அதன் பிறகுதான் அதன் மேல் ரயிலை நிறுத்த முடியும். 1879இல் மிச்சம் பிடித்த பணத்துக்கு வட்டி இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. 2017இல் மறுபடி வெடித்த கூர்க்காலாந்துப் போராட்டத்தில் சோனாடா, கயாபாரி நிலையங்கள் தீக்கிரையானது தனிச் சோகம்.

போய்ப் பார்க்கிற எண்ணம் இருந்தால் ஒரு யோசனை. பெரும்பாலோர் டார்ஜிலிங் – கூம் சுற்றுலா ரயிலோடு முடித்துக்கொள்கிறார்கள். நீராவியும் பதாசியாவும் அதில் கிடைக்கும், உண்மைதான். ஆனால் இந்த ரயில் எப்படி ஏறுகிறது என்று புரிய வேண்டுமானால், ஒரு நாளை ஒதுக்கி, அடிவாரத்திலிருந்து சுக்னா, திந்தாரியா வழியாகக் கர்சியாங் வரையாவது போக வேண்டும். பின்னேற்றங்கள் எல்லாம் அந்தப் பகுதியில்தான். முட்டில் ரயில் நிற்கும்போது கடைசிப் பெட்டி ஜன்னலுக்குப் போய்விடுங்கள். பாயிண்ட் மாற்றுகிறவர் நெம்புகோலை இழுத்துவிட்டுப் பச்சைக்கொடி காட்டுவார், அதுவரை பின்னால் இருந்த உங்கள் பெட்டி முதல் பெட்டியாகி மலையேறும்.